திரும்பி வரும் நரம்பு

கீரைக்காரம்மா கூடையைக் கேட்டுக்கு வெளியே இறக்கி வைத்துவிட்டு இரண்டு கட்டு முருங்கைக் கீரையை நீட்டியபோது, வேண்டாம் என்று கிருஷ்ணப்பிரியா கையை ஆட்டினாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் முருங்கைக் கீரையைத் தொடுவதே இல்லை. அதிலிருக்கும் சின்னக் காம்பு ஒன்று போதும், தொண்டையில் தப்பான வழியில் இறங்கி உயிரை எடுத்துவிடும்.

"இன்னாக்கா வெளாட்றியா? இப்பத்தான உள்ளேர்ந்து கொரல் குட்த்த. முருங்க ரெண்டு கட்டு வையி, வர்றேன்னு. நான் அந்தக் கோடி ஊட்ல நின்னுகினு இருந்தேன், அங்க வரைக்கும் கேட்டுச்சு."

கிருஷ்ணப்பிரியா கழுத்தின் குறுக்கே ஓடிய தழும்பைத் தொட்டுக் காட்டினாள். இருக்கிற காற்றையெல்லாம் திரட்டி, "நான் இல்ல" என்றாள். சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி அது வெளியே வந்தது. கீரைக்காரம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவள் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் இருந்த இருட்டைப் பார்த்தாள். கீரைக் கட்டுகளைக் கேட்டின் மேலேயே வைத்துவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. கணவன் ஜெகன் காலையிலேயே அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தான். குழந்தை குட்டி கிடையாது. மாங்காட்டின் அந்தத் தெருவில் பக்கத்து மனை காலி, எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. யாரையோ நினைத்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறாள், வயசாகிவிட்டது பாவம் என்று கிருஷ்ணப்பிரியா சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனால் கீரையை உள்ளே எடுத்துப் போகும்போது ஒன்று உறுத்தியது. ஜெகனுக்கு உலகத்திலேயே பிடித்த பதார்த்தம் முருங்கைக் கீரைப் பொரியல்.

குரல் என்றால் அவளுடையது ஊரறிந்த குரல். பூந்தமல்லிப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் உடற்கூறு பாடம் எடுக்கிறவள். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சில் தூங்குகிற பெண்ணை எழுப்பி உட்கார வைப்பாள். வீட்டிலும் அதே குரல்தான், அதே அதட்டல்தான். ஜெகன் நாள் முழுக்க லேத் பட்டறையில் இரும்புச் சத்தத்துக்கு நடுவே நின்றுவிட்டு வருகிறவன். "ப்ரியா, வால்யூமக் கொஞ்சம் கொறச்சுக்கயேன்" என்பான். "முடியாது போடா" என்பாள் அவள். காதலித்துக் கட்டிக்கொண்டவர்கள், ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். ஒருநாளும் அவனை மரியாதை வைத்துக் கூப்பிட்டதில்லை. மாமியார் உயிரோடு இருந்தவரை அதில் ஒரு மனத்தாங்கல் இருந்தது. அவனுக்கு இல்லை என்றுதான் இவள் நினைத்திருந்தாள்.

தைராய்டில் கட்டி என்று தெரிந்தபோது அவள் பயந்தது கட்டிக்காக அல்ல. அதை ஒட்டி ஓடும் ஒரு நரம்புக்காக. வருஷா வருஷம் அவள் ஆசையாக நடத்துகிற பாடம் அது. மூளையிலிருந்து கிளம்பும் ஒரு பெரிய நரம்பு கழுத்து வழியாக நெஞ்சுக்குள் இறங்குகிறது. அங்கே அதிலிருந்து பிரிகிற ஒரு கிளை, இதயத்திலிருந்து வரும் பெரிய ரத்தக்குழாயை அடியில் சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறி வந்து குரல்வளைக்குள் நுழைகிறது. "மாங்காட்டுல எறங்க வேண்டியவங்கள குன்றத்தூர் வரைக்கும் கூட்டிட்டுப் போய்த் திருப்பிக் கொண்டு வந்து விடுற பஸ் மாதிரி" என்பாள், வகுப்பு சிரிக்கும். பிறகு அந்தப் பன்றிக் கதையைச் சொல்வாள். ஆயிரத்தெண்ணூறு வருஷத்துக்கு முன்னால் ரோமாபுரியில் ஒரு வைத்தியர், ஊர்ப் பெரிய மனிதர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, கட்டிப்போட்ட பன்றியின் கழுத்தைத் திறந்து அந்த நரம்பில் ஒரு நூலைச் சுற்றினார். நூலை இறுக்கினால் அலறல் நின்றுவிடும், வாய் மட்டும் திறந்து திறந்து மூடும். தளர்த்தினால் அலறல் திரும்பி வந்துவிடும்.

கொரோனா காலத்தில் அந்தப் பாடத்தை வீட்டின் பின்னறையிலிருந்து ஆன்லைனில் எடுத்தாள். கல்லூரியிலிருந்து கொண்டு வந்த தலையும் கழுத்துமான பிளாஸ்டிக் மாடலை மேசைமேல் வைத்து, மஞ்சள் பெயின்ட் அடித்த நரம்பில் உண்மையாகவே ஒரு நூலைக் கட்டிக் காட்டினாள். ஜெகன் கதவோரம் நின்று கடைசி வரை பார்த்தான். அவன் முழுசாகப் பார்த்த ஒரே வகுப்பு அதுதான்.

"உனக்கும் ஒரு நூலு வாங்கணும்" என்று சொல்லிச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

ஆபரேஷன் அன்று காலையில், கழுத்திலிருந்து தாலிக் கயிற்றைக் கழற்றி அவன் கையில் கொடுத்தபோது, அவள் தெளிவாகத்தான் சொன்னாள். "கட்டி நரம்போட ஒட்டியிருந்தா டாக்டர் நடுவுல வெளிய வந்து உன்னைத்தான்டா கேப்பார். நான் மயக்கத்துல கெடப்பேன். கொஞ்சம் கட்டி நின்னாலும் பரவால்ல, அதுக்கு அப்பறமா மருந்து இருக்கு. நரம்ப விட்டுடச் சொல்லு."

"உம் மேல சத்தியம்" என்று அவள் தலையில் கை வைத்தான் அவன். தாலியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கண் விழித்தபோது குரல் இல்லை. நரம்பு கொஞ்சம் இழுபட்டுவிட்டதாம், ஆறு மாசத்தில் சரியாகிவிடுமாம் என்றான் ஜெகன். அவள் நம்பினாள். திரும்பி வருகிற நரம்புதானே, வந்துவிடும் என்று தனக்குத்தானே தேறுதல் சொல்லிக்கொண்டாள். தண்ணீரைக்கூடத் தாடையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு வாய் வாயாக விழுங்கப் பழகினாள். தாலியைக் கேட்டபோதெல்லாம், "புண்ணு ஆறட்டும் ப்ரியா. கயிறு ஒரசக் கூடாதாம். பத்திரமா கீது" என்றான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. பின்னறைக்கு அவன் பூட்டுப் போட்டிருந்தான். எலி மருந்து வைத்திருக்கிறானாம்.

அன்று சாயங்காலம் வந்தவன் அடுப்படியில் கீரையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தான். "முருங்கையா? நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றான். யார் வாங்கியது என்று கேட்கவில்லை.

மறுநாள் அவள் தங்கை ராதிகா ஆவடியிலிருந்து வாட்ஸாப்பில் எழுதியிருந்தாள். 'நேத்து உன் குரலக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துடுச்சுக்கா.'

கிருஷ்ணப்பிரியா அதை இரண்டு தடவை படித்தாள். 'யார் பேசினது?' என்று அனுப்பினாள்.

'வெளாடாதக்கா. மாமா போன்லேர்ந்து நீதானே பேசுன. எவ்ளோ நேரம் பேசுன!'

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே கொஞ்சம் பரிதாபமும் வந்தது. பழைய வாய்ஸ் மெசேஜ்களை வெட்டி ஒட்டிப் போட்டுக் காட்டியிருக்கிறான், தங்கச்சி மனசு கஷ்டப்படக் கூடாதென்று. அசடு. ராத்திரிச் சாப்பாட்டின்போது அந்த மெசேஜை அவனிடம் காட்டினாள். அவன் படித்தான், சோற்றைப் பிசைந்தான். "டாக்டர் உன்ன எதையும் யோசிக்காம ரெஸ்ட்டு எட்க்கச் சொல்லிகீறாரு" என்றான். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பின்பக்கம் போனான். பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. எலியைப் பார்க்கப் போகிறான் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், மழை விட்டிருந்த நேரம். காலி மனையில் தேங்கிய தண்ணீரில் தவளைகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. தூரத்தில் பைபாஸ் லாரிகளின் இரைச்சல் ஈரக் காற்றில் ஏறியும் இறங்கியும் வந்தது. தழும்பு நனையாமல் கழுத்துக்குக் கீழே மட்டும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவளுக்கு, வாளியில் குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருப்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. குழாயை மூடினாள். யாரோ முனகிப் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு என்று சொல்ல முடியாது. மேலே ஏறி, கீழே இறங்கி, மறுபடி அதே இடத்துக்கு வரும் ஒரு ராகம். காய் நறுக்கும்போது அவள் தன்னையறியாமல் முனகும் ராகம் அது.

தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் பலருக்கு அடையாளம் தெரியாது. அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷம் தன் வகுப்புகளை ரெக்கார்டிங்கில் கேட்டுத் திருத்தியவள். நைட்டியை ஈர உடம்பிலேயே மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அடுப்படி காலி. ஹால் காலி. முனகல் நின்று பேச்சு தொடங்கியிருந்தது. சுவரை ஒட்டினாற்போல் வந்தது அந்தப் பேச்சு. யாரோ பதில் சொல்ல இடம் விடுகிற மாதிரி விட்டு விட்டு வந்தது.

"சரிங்க... உங்க இஷ்டம்ங்க... நான் என்னத்த சொல்லப் போறேன், நீங்க சொன்னா சரிதான்."

அவள் குரல். அவள் வாழ்நாளில் ஒருதரம்கூடச் சொல்லாத வார்த்தைகள்.

பின்னறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். பூட்டு தொங்கியது. கதவில் காதை வைத்தாள். உள்ளே பேச்சு நின்றது. தவளைகளும் அந்த நேரம் பார்த்து அடங்கின. மரத்துக்கு அந்தப் பக்கம், சரியாக அவள் காது உயரத்தில், ஒரு மூச்சு உள்ளே இழுக்கப்பட்டது.

அவள் பின்வாங்கினாள். அப்போதுதான் அந்த வாசனை மூக்கில் ஏறியது. கதவிடுக்கிலிருந்து மஞ்சள் வாசனை வந்தது, அப்போதுதான் அரைத்தது போலப் பச்சையாக. அதற்கு அடியில் கண்ணைக் கரிக்கும் இன்னொரு நெடி இருந்தது. இருபது வருஷமாகக் கல்லூரி ஆய்வறையில் மூச்சோடு மூச்சாகப் பழகிய நெடி. உடற்பாகங்களைக் கெடாமல் ஊற வைக்கும் ஃபார்மலின். பழைய மாடல் பெட்டியிலிருந்து வருகிறது என்று சொல்லிப் பார்த்தாள். மாடல் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்கை யாரும் ஃபார்மலினில் போட்டு வைப்பதில்லை. அவள் பாடம் நடத்துகிறவள், அவளைவிட இது யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள். ஜெகன் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தபோதே அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். டாக்டர் ஜானகிராமன் நல்ல மனுஷர், நிதானமாகப் பேசுகிறவர். மூக்கு வழியாகக் கேமராக் குழாயை விட்டுத் திரையைக் காட்டினார். வலது குரல்நாண் திறந்து மூடியது. இடது நாண் அசையவில்லை. இரட்டைக் கதவில் ஒன்று துருப்பிடித்து நின்றுவிட்ட மாதிரி இருந்தது.

"ஆறு மாசத்துல வந்துடுமா டாக்டர்?" என்றாள். அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக் காதைக் கொடுத்தார். மறுபடி சொன்னாள்.

"எப்படிம்மா வரும்? வெட்டின நரம்பாச்சே." அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் குழம்பினார். "உங்க வீட்ல சொல்லலையா? கட்டி நரம்ப சுத்திப் புடிச்சிருந்தது. நான் பாதியில வெளிய வந்து, எடுத்த வரைக்கும் தட்டுல வச்சு உங்க ஹஸ்பெண்டுக்குக் காட்டினேன். கொஞ்சம் கட்டிய விட்டுட்டு நரம்பக் காப்பாத்தலாம், இல்ல சேத்து எடுத்துடலாம், எப்படின்னு கேட்டேன். அவர் யோசிக்கவே இல்ல. எடுத்துடுங்க சார்னுட்டார். உங்க உயிர் மேல அவ்ளோ பயம் போல."

சத்தியம் பண்ணித் தலையில் ஜெகன் வைத்த கையின் சூடு கிருஷ்ணப்பிரியாவுக்கு நினைவு வந்தது.

"நரம்பு எதுன்னுகூடக் கேட்டார், ஆர்வமா" என்றார் டாக்டர், கையுறையைக் கழற்றிக்கொண்டே. "தனிக் குப்பியில போட்டுத்தான் கட்டியோட சேத்து லேபுக்கு அவர்கிட்டயே கொடுத்தனுப்பினேன். நம்ம பக்கம் வீட்டாளுங்கதான எடுத்துட்டுப் போவாங்க. கட்டி போய்ச் சேந்துது. அந்தச் சின்னக் குப்பி வரவேயில்லன்னு லேப்ல சொன்னாங்க. வழியில எங்கயாவது விழுந்திருக்கும். பரவால்லம்மா, ரிசல்ட்ல ஒண்ணும் வித்தியாசம் இல்ல."

துரோகம் என்ற சொல் அதுவரை அவளுக்கு டிவி சீரியல் சொல். யாராவது கண்ணை உருட்டிக்கொண்டு சொல்வார்கள், இவள் சேனலை மாற்றுவாள். இப்போது அது நெஞ்சுக்குள் இறங்கி எதையோ சுற்றிக்கொண்டு தொண்டை வரைக்கும் ஏறி வந்து அங்கே நின்றது. ஊரில் எவன் ஏமாற்றியிருந்தாலும் வாயால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாள். ஏமாற்றியவன் அந்த வாயைத்தான் முதலில் எடுத்திருக்கிறான்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. குமணன்சாவடியில் பஸ்ஸும் ஆட்டோவும் பின்னிக்கொண்டு நின்றன, எல்லாரும் சேர்ந்து ஹாரன் அடித்தார்கள். பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவள் முன்னால் சாய்ந்து அவன் காதோடு வாயை வைத்தாள்.

"ஏன்டா வெட்டச் சொன்ன?"

"இன்னா?"

"நரம்ப ஏன்டா வெட்டச் சொன்ன? என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணியே."

"காத்துல ஒண்ணும் கேக்கல ப்ரியா" என்றான் அவன், கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே. அவன் முகத்தில் மழை ஓடிக்கொண்டிருந்தது. "ஊட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். ஊட்லதான் நல்லாப் பேசுறியே."

அவன் இடுப்பைச் சுற்றியிருந்த கையை அவள் எடுத்துக்கொண்டாள். இறங்கி ஓடிவிடலாமா என்று தோன்றியது. எங்கே ஓடி, யாரிடம் போய், எந்தக் குரலில் சொல்வது? அதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

வீடு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தெருவே கரண்ட் இல்லாமல் கிடந்தது. ஜெகன் ஈரச் சட்டையைக் கழற்றிப் போட்டான். மெழுகுவத்தியைக் கொளுத்தினான். காலையில் மிச்சமிருந்த முருங்கைக் கீரைப் பொரியலையும் சோற்றையும் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு, அவள் ஒருத்தி அங்கே நிற்கிறாள் என்பதே தெரியாதவன் போலப் பின்பக்கம் நடந்தான். பூட்டு திறந்தது. கதவு முழுசாகச் சாத்தப்படவில்லை. தரையில் மெழுகு வெளிச்சம் ஒரு மஞ்சள் கோடாக விழுந்தது.

அவள் ஹாலில் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து ராதிகாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டு போனை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"சொல்லுக்கா."

"ராதி, இவன் என்னை ஏமாத்திட்டான். உடனே கெளம்பி வா."

"ஹலோ? அக்கா? ஒண்ணும் கேக்கலையே."

"நரம்ப வெட்டச் சொன்னது இவன்தான். ராதி, இந்த வீட்ல என்னமோ இருக்கு. வாடி."

"மழைச் சத்தம்தான் கேக்குது. ஹலோ?"

அடிவயிற்றிலிருந்து காற்றை எக்கி, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, "வாடீ" என்றாள். தழும்பு விண்ணென்று தெறித்தது. ஜன்னல் திரை அசைகிற சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அப்போது அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, கதவிடுக்கின் அந்த மஞ்சள் கோட்டிலிருந்து, கணீரென்று வந்தது.

"ஒண்ணுமில்லடி. சும்மாதான் பண்ணேன்."

"ஆங், இப்பக் கேக்குதுக்கா" என்றாள் ராதிகா.

கிருஷ்ணப்பிரியா போனை அணைக்கப் பார்த்தாள். ஈர விரல் திரையில் வழுக்கியது.

"டாக்டரப் பாத்தியா?"

"பாத்தேன். நரம்ப எடுத்ததுதான் நல்லதுன்னாரு. உங்க மாமா மேல ஒரு தப்பும் இல்லடி. என் நல்லதுக்குத்தான் பண்ணாரு."

"அதான்க்கா நானும் நெனச்சேன். மாமா மாதிரி யாரு பாத்துப்பாங்க?"

அவள் கூடப்பிறந்தவள். ஒரே போர்வையில் தூங்கி வளர்ந்தவள். சந்தேகத்தின் சாயல்கூட இல்லை அந்தக் குரலில். அக்கா ஒருநாளும் இப்படிப் பேசமாட்டாளே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நிம்மதியாக இருந்தாள். இந்த அக்கா அவளுக்குப் பிடித்திருந்தது.

போனைப் பிடித்தபடியே கிருஷ்ணப்பிரியா எழுந்தாள். அந்தக் கோட்டை நோக்கி நடந்தாள். தரை சில்லென்றிருந்தது. மஞ்சள் வாசனை. நெடி. கண் எரிந்தது. விரலால் கதவைத் தள்ளினாள்.

மேசைமேல் மெழுகுவத்தி. அதன் பக்கத்தில் அவளுடைய மாடல். வலது பாதி முகம் தோலோடு, இடது பாதி பிளந்து, சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக. எதிரில் ஸ்டூலில் ஜெகன், மடியில் சோற்றுத் தட்டு.

பிளாஸ்டிக் கழுத்தில் அவள் தாலி.

கயிற்றுக்குப் புதிதாக மஞ்சள் பூசியிருந்தது. முடிச்சில் வேறெதுவோ சேர்த்து முறுக்கியிருந்தது. வெள்ளையாக, ஈரமாக, வேகவைத்த சேமியா மாதிரி. ஒரு அங்குலம்கூட இருக்காது. அவள் அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். அவள் உடம்புக்குள்ளிருந்து வந்த நரம்பு.

அது துடித்தது.

ஜெகனின் இடது கை முடிச்சின் மேல் இருந்தது. பாலைக் காய்ச்சும்போது கேஸ் குமிழைப் பிடிக்கிற மாதிரி, இரண்டு விரல். தளர்த்தினான்.

"சாப்பாட்டுல உப்பு போதுமாங்க?" என்றது அவள் குரல். பிளாஸ்டிக் உதடு அசையவில்லை.

அவள் வாயைத் திறந்தாள். இத்தனை நாள் சேர்ந்ததெல்லாம் ஏறி வந்தது. காற்று மட்டும் போனது, ஒரு சீற்றலாக. ஆனால் மேசைமேலிருந்து வெடித்தது, அலமாரிக் கண்ணாடி அதிர, தெருக்கோடி வரை கேட்கும்படி, அவளுடைய அசல் குரல்.

"டேய் ஜெகா!"

அவன் திடுக்கிடவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு விரலும் முடிச்சை இறுக்கின.

சத்தம் நின்றது. அவள் மூச்சும் நின்றது. தழும்புக்குப் பின்னால் ஏதோ ஒன்று ஒரு சுற்று சுற்றி இழுபட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணுக்குள் பொறி பறந்தது.

"மொதல்ல அப்டித்தான் இருக்கும்" என்றான் ஜெகன். குரலில் அன்பு இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "அந்தப் பன்னியும் மொதல்ல கத்துச்சுன்னு நீதான சொன்ன. நீ சொல்லிக் குட்த்ததுதான் ப்ரியா எல்லாம்."

விரல் தளர்ந்தது. கொஞ்சம்தான். காற்று திரும்பி வந்தது.

"அக்கா?" என்றது அவள் கையிலிருந்த போன். "என்னக்கா சத்தம்? அக்கா?"

"இங்கதான்டி இருக்கேன். ஒண்ணுமில்ல, வச்சிடு."

ராதிகா வைத்துவிட்டாள்.

எதிரே, அலமாரிக் கண்ணாடியில் ஒரு பெண் நின்றிருந்தாள். நனைந்த தலை. வெறும் கழுத்து. அந்த வார்த்தைகளுக்கு அவள் உதடு அசைந்து முடிந்திருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும். கிருஷ்ணப்பிரியா அசைக்கவில்லை. பற்களைக் கடித்து வாயை இறுக்கினாள். இறுக்கினதாகத்தான் நினைத்தாள்.

"வா, வந்து உக்காரு" என்றான் ஜெகன்.

"வரேங்க."

உதடு அசைந்தது. கால் நடந்தது.

அவன் சோற்றில் முருங்கைக் கீரையைப் போட்டுப் பிசைந்தான். ஒரு கவளம் உருட்டினான், பெரிதாக. மெழுகு வெளிச்சத்தில் அதிலிருந்து காம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன, கடினமாக. அவள் தலையை ஆட்டினாள். கண்ணால் கெஞ்சினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடது கை விரல்கள் மெல்லத் திரும்பின.

"ஊட்டி விடுங்க" என்றது குரல், கொஞ்சலாக.

கண்ணாடியில் அவள் வாய் திறந்தது. அகலமாக. இன்னும் அகலமாக.